டார்ம்ஸ்டாட் அப்பள வழக்கு

அமெரிக்க அரசியல் சாசனத்தை வைத்து உப்புமா கிண்டிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரோடு ஒரே மாடியில், ஒரே சமையலறையில் குப்பை கொட்டியவன் நான் என்பதால் இதை அடித்துச் சொல்வேன். வேறு யாராவது இருந்ததாக வாசகர்கள் கேள்விப்பட்டால் தயவுசெய்து எனக்கு எழுத வேண்டாம். நான் நம்பப்போவதில்லை.

ஊர் டார்ம்ஸ்டாட். எழுபதுகளின் ஆரம்பம். அந்த மேற்கு ஜெர்மனி மாணவர் விடுதியின் மூன்றாவது மாடியில் நாங்கள் தமிழர்கள் நான்கு பேர். நான் திருச்சி, இயந்திரவியல். சேவியர் நாகர்கோவில், மின்சாரம். ஷாகுல் காயல்பட்டினம், கட்டடம். நான்காவது ஆள் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், மதுரைக்காரர், காகிதத் தயாரிப்பில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. பாஸ்போர்ட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. எங்களுக்கு அவர் கோர்ட்டார். சினிமாவில் வக்கீல் அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு "கனம் கோர்ட்டார் அவர்களே" என்பாரே, அந்தக் கோர்ட்டார்.

காகித ஆராய்ச்சி செய்கிறவருக்கும் கோர்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"தம்பி, எனக்கு முதல்ல அமெரிக்காவுலதான் சீட் கிடைச்சுது" என்றார். "மெட்ராஸ்ல விசாவுக்குப் போனேன். படிச்சு முடிச்சதும் ஊருக்குத் திரும்பிடுவியான்னு கேட்டான். எனக்கு முன்னாடி நின்னவன் எல்லாம் 'எஸ் சார்'னு சொல்லிட்டுப் போனான். நான் நாலு வருஷம் கழிச்சு என்ன பண்ணுவேன்னு இன்னைக்கே எப்படி சார் சொல்ல முடியும்னு கேட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஜெர்மனிக்கு வந்துட்டேன். அமெரிக்கா என்னை உள்ள விடல. அதுக்காக நான் அமெரிக்காவை விட்டுடுவேனா?"

விடவில்லை. டார்ம்ஸ்டாட்டில் அப்போது அமெரிக்கப் பட்டாளம் முகாம் போட்டிருந்தது. அங்கே ஒரு சிப்பாயைச் சிநேகம் பிடித்து, அவன் படித்துப் போட்ட பத்திரிகைகளைக் கட்டுக் கட்டாகத் தூக்கி வருவார். பட்டாளத்துக்காக நடந்த ஆங்கில ரேடியோ அவர் அறையில் ஓயாமல் அலறும். செய்தி நேரம் வந்துவிட்டால் மனிதர் மனிதராக இருக்க மாட்டார். பாதி முகத்தில் சோப்போடு ஓடுவார். ஒரு தடவை சட்டையை ஒரு கையில் மட்டும் மாட்டிக்கொண்டு ஓடிப் போய், செய்தி முடிந்தபின் அப்படியே லேபுக்குப் போய்விட்டார். வாஷிங்டனில் எந்த ஜட்ஜ் எந்த வழக்கில் என்ன சொன்னார் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். தன் ஆராய்ச்சிக் கட்டுரையின் தலைப்பு மட்டும் அவ்வப்போது மறந்துவிடும்.

எங்கள் சமையலறைதான் அவர் நீதிமன்றம். பூரிக்கட்டையால் மேஜையைத் தட்டினால் கோர்ட் கூடிவிட்டது என்று அர்த்தம்.

முதல் பெரிய வழக்கு வாணலி வழக்கு. எங்களிடம் இருந்தது ஒரே வாணலி. அதில்தான் சேவியர் சனிக்கிழமை கருவாடு வறுப்பான். அதில்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோர்ட்டார் உப்புமா கிண்ட வேண்டும். கோர்ட்டாரோ வெங்காயத்தையே யோசித்துச் சாப்பிடும் சைவம். பாவமே என்று நான்தான் பேச்சை எடுத்தேன்.

"அண்ணே, உங்களுக்குன்னு தனியா ஒரு வாணலி வாங்கிடுவோம். அதுவும் இதே சைஸ், இதே குவாலிட்டி. பிரச்சினை தீர்ந்துது."

பூரிக்கட்டை மேஜையில் விழுந்தது. "தனித்தனி, ஆனா சமம். அதானே சொல்ல வர்ற? இதே வாதத்தைத்தான் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், கறுப்பர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம்னு வச்சவன் சொன்னான். அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அதைத் தூக்கிக் குப்பையில போட்டு இருபது வருஷம் ஆகப்போகுது. பிரிச்சு வச்சாலே அது சமம் இல்ல. வாணலி ஒண்ணுதான். எல்லாருக்கும் பொது. கோர்ட் கலையுது."

மறுநாள் ஞாயிறு. ஒரு கையில் ரவை டப்பா, மறு கையில் கரண்டியோடு வாணலி முன்னால் நின்றார். குனிந்து மோந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார். சேவியருக்கே மனசு கேட்கவில்லை.

"அண்ணாச்சி, நான் வேணா நல்லாத் தேய்ச்சிக் கழுவித் தாறேன்."

"வேணாம்ப்பா. தீர்ப்பு தீர்ப்புதான்" என்று கோர்ட்டார் கண்ணை மூடிக்கொண்டு உப்புமாவைக் கிண்டினார். கிண்டியதை எங்களுக்குப் போட்டுவிட்டு அவர் ரொட்டியும் ஜாமும் சாப்பிட்டார். அதற்கப்புறம் பல மாதம் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ரொட்டிதான். தீர்ப்பை மட்டும் மாற்றவில்லை.

அடுத்தது மாவடு வழக்கு. மதுரையிலிருந்து அவருக்கு வந்த மாவடு ஜாடி காணாமல் போனது. ஷாகுல் துப்பறிந்து, சேவியரின் அலமாரியைத் திறந்து, ஜாடியைக் கையும் களவுமாகக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். பறிகொடுத்தவரே நீதிபதி.

"சேவியர், நீ வாய் திறக்கணும்னு கட்டாயம் கிடையாது" என்று கோர்ட்டார் ஆரம்பித்தார். "திறந்து ஏதாவது சொன்னா அது உனக்கு எதிராவே பயன்படும். வக்கீல் வச்சுக்கலாம். வசதி இல்லேன்னா நாங்களே வச்சுத் தருவோம்."

சேவியர் வாய் திறக்கவில்லை. அவன் வாய்க்குள் அந்த நேரத்தில் ஒரு மாவடு இருந்தது.

"ஷாகுல், அவன் அலமாரியைத் திறக்க உனக்கு யார் வாரண்ட் குடுத்தா?"

"வாரண்டா? அண்ணே, ஜாடி உள்ளதானே இருந்துச்சு?"

"உள்ள இருந்துச்சா இல்லையாங்கிறது கேள்வியே இல்ல. முறை தவறிக் கிடைச்ச ஆதாரம் செல்லாது. எதிரி விடுதலை. ஜாடியை எடுத்த இடத்துல வச்சுடு."

எடுத்த இடம் சேவியரின் அலமாரி. வைத்தோம். அந்த வருட மாவடுவைக் கோர்ட்டார் கண்ணால் பார்த்ததோடு சரி.

டிராமில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பரிசோதகர் வந்து டிக்கெட் கேட்டார். எங்கள் இருவரிடமும் டிக்கெட் இருந்தது. நான் காட்டினேன். கோர்ட்டார் காட்டவில்லை. நியாயமான சந்தேகம் இல்லாமல் ஒரு மனிதனின் பாக்கெட்டைச் சோதிக்க அரசாங்கத்துக்கு உரிமை கிடையாது என்று அமெரிக்க சாசனத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். பரிசோதகர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "ஐயா, இது டார்ம்ஸ்டாட்" என்றார். அபராதத்தைக் கட்டி ரசீதை வாங்கி, டிக்கெட் இருந்த அதே பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, இறங்கும்வரை நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். எனக்குத்தான் மானம் போயிற்று.

லூசு என்று முடிவு கட்ட இது போதும். நாங்களும் கட்டியிருந்தோம். ஆனால் ஒன்று. இப்படிப்பட்ட ஆள் பொய் சொல்ல மாட்டார் என்பது விடுதி முழுக்கத் தெரிந்திருந்தது. எங்களை எல்லாம் சிக்கலில் மாட்டிவிட்டது அதுதான்.

எழுபத்துமூன்றில் அமெரிக்காவில் அந்தப் பெரிய விவகாரம் வெடித்தது. முந்தின வருடமே எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஆட்கள் புகுந்து பிடிபட்டிருந்தார்கள். அதை மூடி மறைத்ததில் ஜனாதிபதிக்கே பங்கு உண்டா என்று விசாரணை. விசாரித்துக்கொண்டே போனால், ஜனாதிபதி தன் அறையில் நடந்த பேச்சையெல்லாம் தானே டேப்பில் பதிவு செய்து வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. கோர்ட் அந்த டேப்பைக் கொடு என்றது. ஜனாதிபதியின் பேச்சு அந்தரங்கம், தர முடியாது என்றார் அவர்.

கோர்ட்டாருக்கு அந்த வருடம் எடை குறைந்தது. சமையலறைக்குள் வந்தாலே டேப்தான். "அந்தரங்கமாம்ல, அந்தரங்கம். நாட்டுக்கே ராஜாவா இருந்தாலும் கோர்ட் கேட்டா குடுத்துத்தான் ஆகணும்" என்று ரசத்தைக் கலக்குவார். ரசம் அடிக்கடி பொங்கி வழிந்தது.

அதே காலத்தில் எங்கள் மாடியிலும் ஒரு டேப் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஷாகுல் லீவில் ஊருக்குப் போய் நிக்காஹ் முடித்து, ஒரு மாதம் மனைவியோடு இருந்துவிட்டுத் திரும்பியிருந்தான். கடிதம் போட்டால் வீட்டில் எல்லோரும் படித்துவிட்டுத்தான் அந்தப் பெண் கைக்குப் போகும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேசட்டில் பேசுவான். ஊருக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவான். அவள் தன் தோழி வீட்டில் போட்டுக் கேட்டுவிட்டு, அதன் மேலேயே பதில் பேசி அனுப்புவாள். அவன் அறையைக் கடக்கும்போது நாங்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டே போவோம்.

எழுபத்துநாலு கோடையில் ஜெர்மனியில் உலகக் கோப்பை. இறுதி ஆட்டத்தன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விடுதி முழுக்கக் கீழே டிவி அறையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. ஜெர்மனியும் ஹாலந்தும். நானும் சேவியரும் கீழே. எங்கள் மாடியில் இருந்தது இரண்டே பேர்: கேசட்டோடு ஷாகுல், ரேடியோவோடு கோர்ட்டார். மறுநாள்தான் வாஷிங்டனில் டேப் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வருகிறது. கால்பந்தெல்லாம் அவருக்கு எம்மாத்திரம்?

ஜெர்மனி ஜெயித்த சந்தோஷத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த எங்களுக்கு மேலேயிருந்து புகை நாற்றம் வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் எங்கள் சமையலறை அடுப்பில் எண்ணெய்ச் சட்டி தீப்பற்றி, திரைச்சீலை எரிந்து, சுவரும் அலமாரியும் கரிக்கட்டை. மேஜையில் பொரிக்காத அப்பளக் கட்டு. விடுதியைப் பராமரிக்கிற ஹெர் வெபர் தீயணைப்புக் குப்பியோடு வந்து பீய்ச்சி அணைத்தார். ஆள் யாருக்கும் காயமில்லை.

"இன்று யார் முறை?" என்று கேட்டார் வெபர்.

எங்களுக்குள் ஞாயிறு சமையலுக்கு முறை உண்டு. அது அவருக்கும் தெரியும். முறைக்காரன் அடுப்பை விட்டு நகரக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. அன்றைக்கு ஷாகுலின் முறை.

கோர்ட்டார் முன்னால் வந்தார். "எண்ணெய் வச்சது நான். அப்பளம் பொரிக்கலாம்னு வச்சேன். செய்தி நேரம் வந்துடுச்சு. ஷாகுல் கதவைத் தட்டி, எண்ணெய் காயுது பாத்துக்கோன்னு சொல்லிட்டுத்தான் என் ரூமுக்குப் போனேன்" என்று உள்ளதை உள்ளபடி ஜெர்மனில் சொன்னார்.

வெபர் ஷாகுலைப் பார்த்தார். ஷாகுல் தரையைப் பார்த்தான். "சொன்னார்னா சொல்லியிருப்பார்" என்றான்.

அவ்வளவுதான். பொய் பேசாதவர் சாட்சி. ஷாகுல் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று வெபர் எழுதிக் கொடுத்துவிட்டார். மாத முடிவில் விடுதி மாணவர் மன்றம் கூடி அதை உறுதி செய்யும்.

அறை போனால் போகட்டும் என்று விடக்கூடிய விஷயமில்லை இது. எங்கள் முகத்தைப் பார்த்து வாடகைக்கு அறை கொடுக்கிற வீட்டுக்காரர்கள் அந்த ஊரில் மிகக் குறைவு. அறை இல்லை என்றால் விலாசம் இல்லை. விலாசம் இல்லை என்றால் அடுத்த மாதம் தீருகிற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க மாட்டார்கள். ஷாகுலின் படிப்பு முடிய ஒரு செமஸ்டர்தான் பாக்கி. பட்டம் வாங்கி, வேலை தேடி, மனைவியை அழைத்துக்கொள்ள வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தான். எல்லாம் ஓர் அப்பளத்தில் போகப் பார்த்தது.

தன் வார்த்தை ஷாகுலின் கழுத்தில் சுருக்காக விழுந்துவிட்டது என்பது கோர்ட்டாருக்கு ராத்திரிதான் உறைத்திருக்கிறது. காலையில் வந்து, "ஷாகுல், உனக்கு வக்கீல் நான்தான்" என்றார்.

"அண்ணாச்சி, நீங்கதானே அவனுக்கு எதிரா சாட்சி?" என்றான் சேவியர்.

"சாட்சி வேற, வக்கீல் வேற. நான் சொன்னது உண்மை. ஆனா அது அவன் காதுல விழுந்துச்சாங்கிறது தனிக் கேள்வி. இவன் பொண்டாட்டி கூட கேசட்ல பேசிக்கிட்டிருந்தான். மனசு காயல்பட்டினத்துல இருந்திருக்கும். நான் சொன்னதுக்கு இவன் பதிலே சொல்லலேன்னு டேப்ல இருந்தா, கேஸ் முடிஞ்சுது. ஷாகுல், அந்தக் கேசட்டை எடு."

"தர மாட்டேன்" என்றான் ஷாகுல்.

"ஏன்?"

"அது எனக்கும் ஆயிஷாவுக்கும் உள்ளது."

நாங்கள் மூன்று பேரும் கூரையைப் பார்த்தோம். புது மாப்பிள்ளை. என்னென்ன பேசியிருப்பானோ. கோர்ட்டார் மட்டும் விடவில்லை. தேவையான இடத்தை மட்டும் கேட்டால் போதும், மிச்சத்தை யாரும் தொடக்கூடாது என்று கெஞ்சினார். புருஷன் பெண்டாட்டி பேச்சுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு, ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை என்று விளக்கினார். தினமும் காலையில் கேட்டார். தினமும் ஷாகுல் மாட்டேன் என்று தலையாட்டினான். வாஷிங்டனில் ஜனாதிபதி மாட்டேன் என்கிறார், டார்ம்ஸ்டாட்டில் ஷாகுல் மாட்டேன் என்கிறான். மனிதர் இரண்டு பக்கமும் இடி வாங்கினார்.

மாதக் கடைசியில் ஒருநாள் சாயங்காலம் ஷாகுலின் அறையில் உட்கார்ந்திருந்தோம். அடுத்த அறையிலிருந்து "எட்டுக்கு சைபர்" என்று ஒரு சத்தம். கோர்ட்டார் ஓடி வந்தார்.

"தீர்ப்பு வந்துடுச்சு. ஒரு ஜட்ஜ் ஒதுங்கிக்கிட்டார். மிச்ச எட்டுப் பேரும் ஒரே குரல்ல சொல்லிட்டாங்க. டேப்பைக் குடுத்துத்தான் ஆகணும். ஷாகுல், உலகத்துலயே பெரிய பதவியில இருக்கறவனே குடுக்கணும்னா நீ என்னப்பா?"

"அவர் குடுக்கட்டும்ணே. நான் தரல."

கோர்ட்டார் நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. "அப்ப சரி. உன்னை அனுப்பினா நானும் பெட்டியைக் கட்டறேன். என் வாயால உன் படிப்பு கெட்டுப்போச்சுன்னா நான் எந்த மூஞ்சியோட இங்க உக்காந்து டாக்டர் பட்டம் வாங்குவேன்?"

இந்த ஆள் சொன்னால் செய்துவிடுவார். ஷாகுல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "கொண்டு வாறேன்ணே. ஆனா பின்னாடி என்னை ஏசக்கூடாது" என்றான்.

மன்றம் கூடியது கீழே டேபிள் டென்னிஸ் அறையில். தலைவி உல்ரிகே, சட்டம் படிக்கிற பெண், முகத்தில் எப்போதும் ஒரு கண்டிப்பு. பக்கத்தில் இரண்டு மாணவர்கள். எதிரே வெபர், கையைக் கட்டிக்கொண்டு. கோர்ட்டார் கோட்டு சூட்டு போட்டு வந்திருந்தார். டேபிள் டென்னிஸ் மேஜையின் நடுவில் டேப் ரெக்கார்டர்.

"நீங்கள்தான் சாட்சி. நீங்களே வக்கீலாகவும் இருக்க முடியாது" என்றாள் உல்ரிகே.

"மொழிபெயர்ப்பாளராக இருக்கலாமா?" என்றார் கோர்ட்டார். "ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொல்வேன்."

அதில் யாருக்கும் சந்தேகமில்லை. தலையசைத்தாள்.

ஷாகுல் சரியான இடத்துக்குச் சுற்றி வைத்திருந்தான். பொத்தானை அழுத்துமுன் மெதுவாகச் சொன்னான். "அண்ணே, வேணாம். இது உங்களுக்கு நல்லதில்ல."

"யாருக்கு நல்லதுன்னு பாத்தா அது கோர்ட்டா? போடு."

போட்டான். முதலில் ஷாகுலின் குரல், மாவு ஆட்டினாளா இல்லையா என்று மனைவியை விசாரித்துக்கொண்டிருந்தது. கதவு தட்டும் சத்தம். "ஷாகுல்" என்று கோர்ட்டாரின் குரல். உடனே அடுத்த அறையில் ரேடியோச் செய்தியின் தொடக்க இசை. "ஐயோ, ஆரம்பிச்சுட்டான்" என்று அதே குரல். திடுதிடுவென்று ஓடுகிற காலடி. கதவு சாத்துகிற சத்தம்.

அவ்வளவுதான். எண்ணெய் என்ற சொல்லே இல்லை. பாத்துக்கோ என்ற சொல்லும் இல்லை.

கோர்ட்டார் ரெக்கார்டரையே வெறித்துப் பார்த்தார். சொல்லியிருக்கிறேன் என்று மனசார நம்பியிருக்கிறார். சொல்ல வாயெடுத்தது நிஜம். அதற்குள் செய்தி வந்துவிட்டது. இது ஷாகுலுக்கு மூன்று வாரமாகத் தெரியும். போட்டுக் கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டுத்தான் தர மாட்டேன் என்றிருக்கிறான். நாங்கள் என்னவோ கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

"மொழிபெயர்ப்பு?" என்றாள் உல்ரிகே.

கோர்ட்டார் எழுந்து நின்றார். தட்டிய சத்தம், கூப்பிட்ட பெயர், "ஐயோ, ஆரம்பிச்சுட்டான்" என்றது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஜெர்மனில் சொன்னார். சொல்லிவிட்டு, "நான் கொடுத்த சாட்சி தவறு. நான் இவனிடம் எதுவும் சொல்லவில்லை. தீக்குக் காரணம் நான் மட்டும்தான்" என்றார். உல்ரிகே நிறுத்தி வைத்திருந்த கேசட்டை மறுபடி ஓட விட்டாள். ஷாகுல் அணைக்கக் கை நீட்டினான். கோர்ட்டார் தடுத்தார்.

"ஆதாரத்தைப் பாதியில நிறுத்தக்கூடாது."

கேசட்டில் ஷாகுலின் குரல் தொடர்ந்தது. "ஒண்ணுமில்ல ஆயிஷா, நம்ம கோர்ட்டாரண்ணன். அந்த மனுஷனுக்கு ஒரு ஸ்க்ரூ லூசு."

கோர்ட்டார் முகம் மாறாமல் அதையும் மொழிபெயர்த்தார். ஜெர்மன்காரர்களும் இதை ஸ்க்ரூவை வைத்துத்தான் சொல்வார்கள். வெபர் ஆமோதித்துத் தலையசைத்தார்.

"ஆனா தங்கமான மனுஷன்" என்றது கேசட். "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப கஞ்சி வச்சுக் குடுத்து, பக்கத்துலயே உக்காந்து அமெரிக்கா கேஸ் எல்லாம் சொன்னார். அதைக் கேட்டா எப்பேர்ப்பட்டவனுக்கும் தூக்கம் வந்துரும். எனக்குச் சொந்தக் காக்கா இருந்தாக்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டார். நீ இங்க வந்ததும் முதல்ல அவருக்குத்தான் சோறாக்கிப் போடணும். மீன் சட்டியில இல்ல, புதுச் சட்டியில."

அவர்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன்.

கோர்ட்டார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"அடுத்தது என்ன?" என்று கேட்டாள் உல்ரிகே.

"அது... வழக்குக்குச் சம்பந்தமில்லாதது" என்றார். ஒரு சொல்லும் குறைக்க மாட்டேன் என்றவர் அன்றைக்குக் குறைத்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். ஷாகுல்தான் எழுந்து, இலக்கணமெல்லாம் இடறி விழ, மிச்சத்தை ஜெர்மனில் சொல்லி முடித்தான். கண்டிப்பான உல்ரிகே பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஷாகுலின் மேல் குற்றமில்லை. என் அறையை நான் காலி செய்கிறேன்" என்றார் கோர்ட்டார்.

அப்போதுதான் வெபர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "இந்த வீட்டில் குழாய் உடையும், கண்ணாடி உடையும், கதவு உடையும். யார் உடைத்தது என்று கேட்டால் எல்லோரும் ஊரிலேயே இல்லை என்பார்கள். நான்தான் என்று சொன்ன ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். இவரை அனுப்பிவிட்டு நான் யாரை வைத்துக்கொள்வது? சமையலறைக்கு வெள்ளை அடிக்கட்டும். இரண்டு கோட்."

உல்ரிகே மேஜையைத் தட்டினாள். அறைகள் இரண்டும் தப்பின. ஷாகுல் உட்கார்ந்தபடியே முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்றான். சேவியர் சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. வெளியே வந்ததும் அவன் செய்த முதல் காரியம், மாவடு ஜாடியைக் கொண்டுபோய்க் கோர்ட்டாரின் அறையில் வைத்தது. ஜாடியில் உப்புத் தண்ணீர்தான் மிச்சம். ஆனாலும் வைத்தான்.

வெள்ளை அடிப்பது கோர்ட்டாருக்கு மட்டும் விதித்த தண்டனை. நாங்கள் மூன்று பேரும் கூடவே அடித்தோம். தண்டனையைப் பங்கு போட்டுக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை என்று ஏணி மேலிருந்து சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆகஸ்டில் ஒருநாள் காலை. இரண்டாவது கோட் நடந்துகொண்டிருந்தது. ரேடியோவைச் சமையலறைக்கே கொண்டுவந்து வைத்திருந்தோம், அவர் ஏணியிலிருந்து குதித்து ஓடாமல் இருப்பதற்காக. செய்தி வந்தது. அமெரிக்க ஜனாதிபதி பதவி விலகுகிறார். கோர்ட் வாங்கிக் கொடுத்த டேப்பே அவரைக் கவிழ்த்துவிட்டது.

சேவியர் பிரஷ்ஷை வைத்துவிட்டுக் கை தட்டினான். "அண்ணாச்சி, ஜெயிச்சிட்டீங்க. டீ போடட்டா?"

கோர்ட்டார் ஏணி மேல் அப்படியே நின்றார். தலையில், மூக்கில், கண்ணாடியில் எல்லாம் வெள்ளைப் பெயிண்ட். ஒரு வருடமாக இந்தச் செய்திக்காகச் சோறு தண்ணி இல்லாமல் காத்திருந்தவர். துள்ளுவார் என்று பார்த்தோம்.

"பாவம்ப்பா" என்றார். "அந்தாள்கிட்ட அத்தனை டேப் இருந்துச்சே. ஒண்ணுலயாவது யாராவது அவரை நல்ல மனுஷன்னு சொல்லியிருக்க மாட்டாங்களா?"

ஷாகுல் ஏணியின் இந்தக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான், நான் அந்தக் காலை. அதற்கப்புறம் நான் எத்தனையோ பெரிய மனிதர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த ஏணியடியில் நான் நின்ற இடத்தை மட்டும் யாருக்கும் தர மாட்டேன்.